படகைக் காக்கும் சிறு சக்கரம்

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. தேரைக் காண்போர் அதன் சிற்பங்களைப் புகழ்வர். வடம் பிடிப்போரின் ஆற்றலை வியப்பர். அச்சாணியை நினைப்பவர் மிகச் சிலரே. ஆயினும் அச்சிறு துண்டு கழன்று விழுமாயின், தேரின் பெருமை முழுவதும் தெருவிலே நின்றுவிடும். இக்கால இயந்திரங்களிலும் இத்தகைய அச்சாணிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று, கடலில் செல்லும் சிறு படகுகளின் எஞ்சினுக்குக் கடல்நீரை இறைத்துத் தரும் பம்பினுள் சுழல்கின்ற ரப்பர்ச் சக்கரம் ஆகும். சிறு படகுகளில் இஃது உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினது. இதனை 'இம்பெல்லர்' என்பர். இதன் உருவத்தை நோக்கி, நாம் இதனை 'இறக்கைச் சக்கரம்' என்று குறிப்போம். இஃது எவ்வாறு தொழிற்படுகிறது, ஏன் கெடுகிறது, இதனை எவ்வாறு மாற்றுவது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

டீசல் எஞ்சினின் உருளைக்குள் எண்ணெய் எரியும்பொழுது ஏறத்தாழ 2000 பாகை செல்சியஸ் வரை வெப்பம் எழுகிறது. வார்ப்பிரும்போ சுமார் 1200 பாகையிலேயே உருகிவிடும். அலுமினியம் 660 பாகையில் உருகும். அங்ஙனமாயின், எஞ்சின் தன் நெருப்பினாலேயே உருகி அழியாதிருப்பது எவ்வாறு? காரணங்கள் இரண்டு. ஒவ்வொரு முறையும் அந்நெருப்பு நொடியின் மிகச் சிறு பகுதியளவே நீடிக்கிறது; சுவர்களில் ஏறும் வெப்பத்தை, உருளைகளைச் சூழ்ந்து ஓடும் நீர் இடையறாது எடுத்துச் செல்கிறது. எண்ணெயில் அடங்கியுள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே படகைச் செலுத்தும் வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ அதே அளவு புகையோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சிய வெப்பத்தில் பெரும்பகுதியைச் சுமந்து செல்ல வேண்டிய பொறுப்பு நீரைச் சார்ந்தது. நீரின் ஓட்டம் நின்றால் எஞ்சினின் வாழ்வும் விரைவில் முடிந்துவிடும்.

சாலையில் ஓடும் பேருந்திலும் எஞ்சினைக் குளிர்விப்பது நீரே. அந்நீரைக் குளிர்விப்பது, வண்டியின் முகப்பில் உள்ள ரேடியேட்டர் வழியாக வீசும் காற்று. படகின் எஞ்சினோ மேல்தளத்தின்கீழ் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே காற்றோட்டம் குறைவு. ஆனால் படகைச் சுற்றிலும் வற்றாத குளிர்நீர் பரந்து கிடக்கிறது. அதனையே பயன்படுத்திக்கொண்டால் என்ன என்று எவருக்கும் தோன்றும் அன்றோ?

எனினும் கடல்நீரை நேரே எஞ்சினுக்குள் செலுத்துவதில் தீமை உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவை இரும்பை அரிக்கும். நீர் மிகச் சூடேறினால் அவற்றுள் சில படிந்து, கொதிகலத்தில் காறை படிவதுபோல் எஞ்சினின் நீர்வழிகளை அடைத்துவிடும். ஆதலின் இக்காலப் படகு எஞ்சின்கள் பலவற்றில் இரண்டு நீரோட்டங்கள் அமைந்துள்ளன. எஞ்சினுக்குள்ளே மருந்து கலந்த நன்னீர் ஒன்று திரும்பத் திரும்பச் சுற்றி வரும். அதனைக் குளிர்விக்கும் கடல்நீர் புறத்தே தனியாக ஓடும். இரண்டும் ஒன்றோடொன்று கலவாமல், மெல்லிய குழாய்களின் சுவருக்கு இப்புறமும் அப்புறமும் செல்கின்றன. சூடான பால் நிறைந்த செம்பைக் குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் வைத்து நம் வீடுகளில் ஆற்றுவார்கள். பாலில் நீர் கலப்பதில்லை. பாலின் சூடு மட்டும் நீருக்கு மாறுகிறது. அதே முறையில் பணி செய்யும் இவ்வுறுப்பை 'வெப்பமாற்றி' என்பர்.

வெப்பமாற்றியைக் கடந்த கடல்நீர்க்கு இன்னும் ஒரு கடமை உண்டு. அது புகைக்குழாயினுள் பாய்ந்து, கொதிக்கும் புகையோடு கலந்து, அதனைக் குளிர்வித்துப் படகின் பின்புறத்தே விழுகிறது. இவ்வாறு புகை குளிர்ந்துவிடுவதனாலேதான் படகினுள் செல்லும் புகைக்குழாயை ரப்பரால் அமைக்க முடிகிறது. நீர் வாராது நின்றால், எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே அந்த ரப்பர்க் குழாய் கருகத் தொடங்கிவிடும். நஞ்சு கலந்த புகை படகின் உட்புறத்தில் பரவவும் கூடும்.

இவ்விரண்டு கடமைகளுக்கும் வேண்டிய கடல்நீரை இழுத்துத் தருவதே பம்பின் தொழில். அதன் அமைப்பு மிக எளியது. வெண்கலத்தாலான வட்டமான கூடு ஒன்று. அதன் நடுவே எஞ்சினால் சுழற்றப்படும் தண்டு. அத்தண்டில் செருகப்பட்டிருப்பது நமது இறக்கைச் சக்கரம். அதன் குடத்திலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு வரை ரப்பர் இறக்கைகள், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல நாற்புறமும் நீண்டிருக்கும். கூட்டின் உட்சுவர் முழுவதும் வட்டமாக இராது. ஒரு புறத்தில் மட்டும் பிறைபோன்ற மேடு ஒன்று உட்புறம் நோக்கிப் புடைத்திருக்கும். இப்பம்பின் நுட்பம் முழுவதும் அம்மேட்டிலேயே அடங்கியுள்ளது.

சக்கரம் சுழல்கையில் ஒவ்வோர் இறக்கையும் மேட்டின்மீது ஏறும்பொழுது மடங்கும். மேட்டைக் கடந்ததும் நிமிரும். இறக்கை நிமிரும்பொழுது, இரண்டு இறக்கைகளுக்கு இடையிலுள்ள சிற்றறை விரிகிறது. விரிந்த அறையில் காற்றழுத்தம் குறைகிறது. வெளியேயுள்ள வளிமண்டலத்தின் அழுத்தம் கடல்நீரைக் குழாய் வழியே அவ்வறைக்குள் தள்ளுகிறது. நீர் நிறைந்த அறை சுற்றி வந்து மீண்டும் மேட்டை அடைகிறது. அங்கே இறக்கை மடங்க, அறை சுருங்குகிறது. சுருங்கிய அறையிலிருந்து நீர் வெளிவழியே பிதுங்கிச் செல்கிறது. கடற்பஞ்சை நீரில் அமிழ்த்தி விரியவிட்டால் நீரை உறிஞ்சும், பிழிந்தால் கக்கும். இப்பம்பும் அவ்வாறே விரிதலாலும் சுருங்குதலாலும் நீரை இறைக்கிறது.

இரும்பு இறக்கைகளை அமைத்தால் நெடுநாள் உழைக்குமே, ரப்பரை ஏன் தேர்ந்தனர் என்று கேட்கலாம். வளையாத இறக்கை மேட்டின்மீது ஏற இயலாது. ரப்பர் இறக்கையோ எவ்விடத்தும் சுவரைத் தழுவிச் செல்வதால், நீர் மட்டுமன்றிக் காற்றும் இடையே கசிந்து செல்ல முடிவதில்லை. ஆகையால் பம்பு கடல்மட்டத்திற்குச் சற்று மேலே இருப்பினும், குழாயிலுள்ள காற்றைத் தானே வெளியேற்றிவிட்டு நீரை இழுத்துக்கொள்ளும். வயலில் வைக்கும் சாதாரணப் பம்புக்கு முதலில் நீர் வார்த்து நிரப்ப வேண்டியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இதற்கு அது வேண்டுவதில்லை. நீரோடு வரும் சிறு மணலையும் இது பெரும்பாலும் தடையின்றிக் கடத்திவிடும்.

ஆனால் எந்த வளையும் தன்மை இதன் சிறப்போ, அதுவே இதன் குறையும் ஆகும். பம்பின் தண்டு நிமிடத்திற்கு 2000 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் இறக்கையும் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. அங்ஙனமாயின் ஒரு மணி நேரத்தில் 1,20,000 முறையும், 200 மணி நேரத்தில் 2 கோடியே 40 இலட்சம் முறையும் அது மடங்கி நிமிர வேண்டும்! ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் முறிந்து போவதை நாம் அறிவோம். ரப்பர் கம்பியினும் பன்மடங்கு பொறுமை உடையது. எனினும் அதன் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. இறக்கைகளின் அடியில் முதலில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். பின்னர் அவை ஆழமாகி, ஒருநாள் இறக்கை முறிந்து விழும்.

இதற்குப் பயன்படும் ரப்பரும் சாதாரண ரப்பர் அன்று. மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர், எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துக் கெட்டுவிடும். நியோப்பிரீன் என்னும் செயற்கை ரப்பர் அத்தீங்கை ஓரளவு தாங்க வல்லது. அமெரிக்க நாட்டின் டூபான்ட் நிறுவனத்தில், வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியல் அறிஞரின் ஆய்வுக் குழுவினர் 1930 ஆம் ஆண்டில் இதனைக் கண்டனர். இறக்கைச் சக்கரங்கள் பல இதனாலேயே செய்யப்படுகின்றன.

வளைதலால் வரும் தேய்வு மெல்ல வருவது. வறட்சியால் வரும் கேடோ கணப்பொழுதில் வருவது. பம்பினுள் ஓடும் கடல்நீர் இறக்கைகளுக்கும் சுவருக்கும் இடையே வழவழப்புத் தரும் எண்ணெயாகவும் பயன்படுகிறது. அந்நீர் இல்லையாயின் ரப்பர் உலோகத்தோடு உராய்ந்து சூடேறும். சிறிது நேரத்திலேயே இறக்கைகள் கருகிப் பிய்ந்துவிடும். படகின் அடியில் உள்ள கடல்நீர் வால்வைத் திறக்க மறந்து எஞ்சினை இயக்குதல், வடிகட்டியில் கடற்பாசி அடைத்துக்கொள்ளுதல், குழாயின் இணைப்பில் காற்றுப் புகுதல் ஆகியவை இவ்வறட்சிக்குக் காரணங்களாகும். கரையில் ஒருவர் எறிந்த பிளாஸ்டிக் பை கடலில் மிதந்து வந்து, படகின் நீர்வாயிலில் ஒட்டிக்கொண்டு எஞ்சினை நிறுத்துவதும் உண்டு. எறிந்தவர் அப்படகை அறியார். படகில் உள்ளவர் அவரை அறியார். ஆயினும் ஒருவர் செய்த சிறு கவனக்குறைவு மற்றொருவரின் உயிருக்கு இடராகிறது.

இங்கிலாந்தின் தென்கரையில், ஆங்கிலக் கால்வாயில் செல்லும் சிறு பாய்மரப் படகுகளை எண்ணிப் பாருங்கள். டோவர் நீரிணையில் அக்கால்வாயின் அகலம் சுமார் 33 கிலோமீட்டரே. உலகின் மிக நெருக்கடியான கப்பல் வழிகளுள் அதுவும் ஒன்று. காற்று நின்றபொழுதும், துறைமுகத்தின் குறுகிய வாயிலில் நுழையும்பொழுதும் பாய்மரப் படகும் தன் சிறு எஞ்சினையே நம்பியுள்ளது. அவ்வேளையில் எஞ்சின் நின்றால் கடலின் ஓட்டம் படகைப் பாறைகளை நோக்கியோ, பெருங்கப்பல்களின் பாதையை நோக்கியோ இழுத்துச் செல்லும். பிரிட்டனில் கடலில் இடர்ப்பட்டோரைக் காக்கும் 'ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன்' என்னும் அமைப்பு 1824 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் மீட்புப் படகுகள் புயலில் சிக்கியோரைக் காப்பதற்கு மட்டும் செல்வதில்லை. எஞ்சின் பழுதாகித் தத்தளிக்கும் சிறு படகுகளை இழுத்து வரவும் பலமுறை செல்கின்றன.

இத்தகைய இடர் வாராமல் காப்பதற்கு வழி எளிது. இறக்கைச் சக்கரம் முறியும்வரை காத்திராமல், எஞ்சினைச் செய்தவர்கள் குறித்துள்ள காலத்தில் அதனை மாற்றிவிட வேண்டும். பலர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகின்றனர். அம்முறையை இனி வரிசையாகக் காண்போம்.

முதலாவது, எஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். பின்பு கடல்நீர் வால்வை மூட வேண்டும். இன்றேல் பம்பைத் திறந்ததும் கடல் படகுக்குள் புகுந்துவிடும். அறிவுடைய மாலுமிகள் எஞ்சினின் சாவியைக் கழற்றி, மூடிய வால்வின் கைப்பிடியிலேயே மாட்டி வைப்பர். சாவியை எடுக்கச் செல்பவர் வால்வையும் திறக்க மறவார் அன்றோ? மறதியை வெல்வதற்கு இஃது ஓர் எளிய உபாயம்.

இரண்டாவது, பம்பின் மூடித்தகட்டைத் தாங்கும் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அவை சிறியவை, கை நழுவினால் படகின் அடிப்பள்ளத்தில் விழுந்து மறைந்துவிடும். ஆதலின் பம்பின்கீழ் ஒரு தட்டையோ துணியையோ விரித்துக்கொள்வது நலம். தகட்டை எடுத்தவுடன் சக்கரத்தை இழுத்துவிடலாகாது. இறக்கைகள் எப்பக்கம் சாய்ந்துள்ளன என்பதை முதலில் உற்றுநோக்கிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சக்கரத்தை வெளியே இழுக்க வேண்டும். இதற்கெனச் செய்யப்பட்ட இழுப்புக் கருவி இருப்பின் நன்று. இல்லையேல் குறட்டினால் குடத்தைப் பற்றி மெல்ல அசைத்து இழுக்கலாம். இரண்டு திருப்புளிகளைக் கூட்டின் விளிம்பில் ஊன்றி நெம்புவோரும் உளர். அவ்வாறு நெம்பினால் மூடித்தகடு படியும் வழவழப்பான முகத்தில் கீறல் விழும். பின்னர் அக்கீறல் வழியே நீரும் காற்றும் கசியும்.

நான்காவது செயலே மிக இன்றியமையாதது. கழற்றிய சக்கரத்தின் இறக்கைகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்திருந்தாலும், புதிய சக்கரத்தைப் பொருத்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடலாகாது. முறிந்த துண்டு எங்கே சென்றது? அது நீரோடு அடித்துச் செல்லப்பட்டு, பெரும்பாலும் வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களின் வாயிலில் தங்கியிருக்கும். இரத்தக் குழாயில் அடைபட்ட கட்டியைப்போல் அது அங்கேயே இருந்து நீரோட்டத்தைக் குறைக்கும். புதிய சக்கரம் எவ்வளவு நன்றாகச் சுழன்றாலும் எஞ்சின் சூடேறிக்கொண்டே இருக்கும். ஆகவே குழாய்களைக் கழற்றி, வெப்பமாற்றியின் மூடியைத் திறந்து, துண்டுகளைத் தேடி எடுத்துப் பழைய சக்கரத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எல்லாத் துண்டுகளும் கிடைத்தபின்னரே மனம் அமைதி கொள்ளலாம்.

ஐந்தாவது, கூட்டின் உட்புறத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மேடும் மூடித்தகடும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் புதிய சக்கரமும் நன்கு இழுக்காது. பல பம்புகளின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதன் வழியே நீர் சொட்டுமாயின், தண்டைச் சுற்றியுள்ள நீர்த்தடுப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அதனைப் பொருட்படுத்தாது விடுதல் தகாது.

ஆறாவது, புதிய சக்கரத்தைப் பொருத்துதல். இறக்கைகளில் கிளிசரினையோ சோப்பு நீரையோ தடவிக்கொள்ள வேண்டும். முதல் சில சுற்றுகள் நீர் வருவதற்கு முன்பே நிகழுமாதலின், அப்பொழுது ரப்பர் உராயாமல் இது காக்கும். எஞ்சின் எண்ணெயும் கிரீசும் ரப்பருக்குத் தீங்கு செய்யக்கூடும்; அவற்றைத் தவிர்க்க வேண்டும். இறக்கைகளை நூலால் சுற்றி அடக்கி, தண்டு சுழலும் திசைக்கு எதிராக அவற்றின் நுனிகள் சாயுமாறு, மெல்லத் திருகிக்கொண்டே கூட்டினுள் செலுத்த வேண்டும். சக்கரம் உள்ளே செல்லச் செல்ல நூல் நழுவி வெளிவந்துவிடும். குடத்தின் காடி தண்டிலுள்ள ஆப்போடு பொருந்தியதா என்பதையும் நோக்க வேண்டும்.

ஏழாவது, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி நீக்கிவிட்டுப் புதியதை வைத்து மூட வேண்டும். கேஸ்கெட் மெல்லிய தாள்தானே என்று எண்ணிக் கையில் கிடைத்த அட்டையை வெட்டி வைப்பது தவறு. அது தடித்தால் இறக்கைகளுக்கும் தகட்டுக்கும் இடைவெளி மிகுந்து பம்பின் இழுப்பு குறையும். மிக மெலிந்தால் இறக்கைகள் தகட்டில் உராயும். திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பித்தளைத் திருகாணி வலிமை குறைந்தது. அளவுக்கு மீறி இறுக்கினால் முறிந்துவிடும்.

இறுதியாக, வால்வைத் திறந்து எஞ்சினை இயக்க வேண்டும். உடனே படகின் பின்புறம் சென்று புகைக்குழாயின் வாயை நோக்க வேண்டும். சிறிது நேரத்திற்குள் புகையோடு நீரும் விட்டுவிட்டுப் பீறிட்டு வெளிவரும். வாராவிடில் தாமதியாது எஞ்சினை நிறுத்திக் காரணத்தை ஆராய வேண்டும். நீர் வருமாயின் மூடித்தகட்டில் கசிவு உண்டா என்பதையும் பார்த்து, மாற்றிய நாளையும் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கையும் படகின் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். மற்றொரு சக்கரத்தையும் கேஸ்கெட்டையும் வாங்கிப் படகிலேயே வைத்திருக்க வேண்டும். நடுக்கடலில் கடையும் இல்லை, கம்மியரும் இல்லை.

நாள்தோறும் செய்ய வேண்டிய காவல் ஒன்றும் உண்டு. எஞ்சினை இயக்கும் ஒவ்வொரு முறையும் புகைக்குழாயின் வாயை நோக்குதல் மாலுமியின் வழக்கமாக வேண்டும். விழும் நீர் குறைந்தாலும், வெண்மையான நீராவி மிகுந்தாலும், புகையின் ஒலி மாறினாலும் பம்பில் ஏதோ குறை என்று அறியலாம். வெப்பத்தைக் காட்டும் முள் உயர்வதற்கு முன்பே இவ்வறிகுறிகள் தோன்றிவிடும். குளிர்காலத்தில் படகுகளைக் கரையேற்றி வைக்கும் நாடுகளில் பலர் இச்சக்கரத்தைக் கழற்றி வைக்கின்றனர். பல மாதங்கள் மேட்டின்மேல் மடங்கியே கிடந்தால் இறக்கைகள் அவ்வடிவிலேயே நிலைத்துவிடும் என்பதே காரணம்.

இறக்கைச் சக்கரத்தை மாற்றுவது பெருங்கல்வி வேண்டும் செயலன்று. சில கருவிகளும், பொறுமையும், எண்ணிப் பார்க்கும் வழக்கமும் உடைய எவரும் அதனைச் செய்யலாம். துறைமுகத்தின் அமைதியில், பகலொளியில் செய்தால் அது சிறிது நேர வேலை. அதனையே தள்ளிப்போட்டு, அலை மோதும் இரவில், பாறைகள் அருகே நெருங்கிவர, கொதிக்கும் எஞ்சினின்முன் கைவிளக்கோடு குனிந்து செய்ய நேர்ந்தால் அது உயிர்ப் போராட்டம். வேலை ஒன்றே, காலந்தான் வேறு. இயந்திரங்களைக் காப்போர் யாவரும் மனத்தில் கொள்ள வேண்டுவது இதுவே: கெட்டபின் சீர்செய்தல் திறமை, கெடுமுன் மாற்றுதல் அறிவு.